கேள்வி பதில்: கயிற்றுக்குக் கண் வைக்கலாமா?

போன முறை மரம் ஏறுகிறவர்களின் சாமான்களைப் பற்றி எழுதும்போது, ‘கயிற்றின் நுனியை அதன் வயிற்றுக்குள்ளேயே செருகிக் கண் வைப்பார்கள், அதற்கு ஸ்பிளைஸ் என்று பெயர்’ என்று ஒரே ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விகளே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. கொக்கி மாட்டுவதற்காகக் கயிற்றின் நுனியில் வைக்கும் வளையம்தான் கண். ஊசிக்குக் காது, கயிற்றுக்குக் கண். ஏன் அப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

கேள்வி: முடிச்சுப் போட்டுத்தானே இத்தனை நாள் ஏறினார்கள்? ஸ்பிளைஸ் எதற்கு, அழகுக்கா?

முடிச்சு கெட்டதில்லை. இன்றைக்கும் மரத்தில் தொங்குகிறவர்களில் பலர் முடிச்சை நம்பித்தான் தொங்குகிறார்கள். ஆனால் முடிச்சுக்குள் கயிறு வெடுக்கென்று வளைகிறது, வளைவின் வெளிப்பக்க இழைகள் சுமையெல்லாம் வாங்கிக்கொள்ள உள்பக்க இழைகள் சும்மா சுருங்கிக் கிடக்கும். அதனால் நைலான், பாலியெஸ்டர் கயிற்றில் 8 வடிவ முடிச்சு ஒன்று போட்டால் ஏறக்குறைய முக்கால் பங்கு பலம்தான் மிஞ்சும். டைனீமா என்கிற செயற்கை இழை மாதிரி வழுக்கும் கயிற்றில் பாதிகூட மிஞ்சாமல் போகலாம், அதற்கு முன்பே முடிச்சு நழுவி அவிழ்ந்துவிடவும் கூடும். ஒழுங்காகச் செய்த ஸ்பிளைஸில் பத்தில் ஒன்பது பங்கு நிற்கும்.

எப்படி நிற்கிறது என்பதுதான் வேடிக்கை. உள்ளே கூடாக இருக்கும் பின்னல் கயிற்றை இரண்டு பக்கமிருந்தும் தள்ளினால் எலி விழுங்கிய பாம்பு மாதிரி உப்பும், இழுத்தால் ஒல்லியாகும். நுனியை அந்தக் கூட்டுக்குள் விட்டு இழுத்தால், ஒல்லியாகப் பார்க்கும் வெளிப்பின்னல் உள்ளே இருப்பதைக் கவ்விப் பிடிக்கும். எவ்வளவு இழுக்கிறீர்களோ அவ்வளவு பிடி. பசை இல்லை, ஆணி இல்லை, வெறும் உராய்வு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் பாதி பதில்கள் இதிலிருந்து கிளம்புகிறவைதான்.

இன்னொரு லாபமும் உண்டு. முடிச்சு குண்டாக இருக்கும், கிளைக் கவையில் மாட்டும், வளையத்துக்குள் நுழையாது. கண் வைத்த நுனி சன்னமாக இருப்பதால் கப்பியிலும் வளையத்திலும் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

கேள்வி: டைனீமா இரும்பைவிட 15 மடங்கு பலம் என்கிறார்கள். அதையே ஏறும் கயிறாக வைத்துக்கொண்டால் என்ன?

அந்த 15 மடங்கு எடைக்கு எடை பார்த்துச் சொல்வது, பருமனுக்குப் பருமன் இல்லை. இருந்தாலும் பலத்தில் குறையில்லை, குறை வேறு இடத்தில். டைனீமா, ஸ்பெக்ட்ரா இரண்டும் பாலிஎத்திலீன்தான், பிளாஸ்டிக் பையின் நெருங்கிய உறவு, மூலக்கூறுச் சங்கிலி மட்டும் மிக மிக நீளம். உறவுக்கு ஏற்ற குணமும் உண்டு: 150 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகிவிடும், அதற்கு வெகுமுன்பே தளர ஆரம்பிக்கும். மரத்தில் இறங்கும்போது உராய்வு முடிச்சு, அதாவது ஏறும் கயிற்றைச் சுற்றிச் சிறுகயிற்றால் போட்டு, சுமை விழுந்தால் கவ்விக்கொள்ளும் முடிச்சு, கயிற்றின் மேல் வழுக்கிக்கொண்டே வரும் இடத்தில் சூடு ஏறுகிறது, அங்கே இதை வைப்பது நல்லதற்கில்லை. பாலியெஸ்டர் 250 டிகிரிக்கு மேல்தான் உருகும். டெக்னோரா போன்ற அராமிட் இழைகள் உருகுவதே இல்லை, 500 டிகிரி வாக்கில் கருகும். உராய்வு முடிச்சுக்கான சிறு கயிறுகளின் மேலுறையில் டெக்னோராவைக் கலப்பது அதனால்தான். அதற்கும் ஒரு நோஞ்சான்தனம் உண்டு, வெயிலும் திரும்பத் திரும்ப மடங்குவதும் ஆகாது.

இரண்டாவது விஷயம், டைனீமா நீளவே நீளாது. கொஞ்சம் தொய்வு விட்டு ஓர் அடி விழுந்தால்கூட அந்த அதிர்ச்சியைக் கயிறு வாங்கிக்கொள்ளாது, உங்கள் முதுகெலும்புதான் வாங்கிக்கொள்ளும். கட்டும் ஸ்லிங், சுமை இறக்கும் கயிறு, எறிகயிறு, இங்கெல்லாம் அது ராஜா. ஏறுவதற்கு, ஏறுவதற்கென்று தயாரிப்பாளர் சொல்லி விற்கும் கயிறுதான். அமெரிக்காவில் மரவேலைக்கான ஆன்சி (அந்த நாட்டுத் தர நிர்ணய அமைப்பு) இசட்133 விதி, ஏறும் கயிறு புதிதாக இருக்கும்போது குறைந்தது 5,400 பவுண்டு, அதாவது சுமார் 24 கிலோநியூட்டன் தாங்க வேண்டும் என்கிறது. கிலோவில் சொன்னால் ஏறக்குறைய 2,450.

கேள்வி: எந்தக் கயிற்றிலும் ஸ்பிளைஸ் போடலாமா?

போட முடியாது. உள்ளே கூடாக இருக்கும் 12 புரிப் பின்னல்தான் ஆரம்பப் பாடம். உள்ளே ஒரு பின்னல், வெளியே ஒரு பின்னல் என்று இருக்கும் இரட்டைப் பின்னல் அடுத்த வகுப்பு. மரம் ஏறுகிறவர்கள் விரும்பும் 16 புரிக் கயிறு அதற்கும் மேலே, கைவிரல் தோல் உரியும். உள்ளே நேர் இழைகளும் மேலே இறுக்கமான உறையும் கொண்ட கெர்ன்மேன்டில் கயிறுகளில் பலவற்றுக்குத் தொழிற்சாலையில் இயந்திரத் தையல் போட்டுத்தான் கண் வைப்பார்கள். அதைப் பிரித்து வீட்டில் செருகிப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: நுனியை எவ்வளவு நீளம் உள்ளே விட வேண்டும்? ஒருவர் ஒரு சாண் போதும் என்கிறார், இன்னொருவர் ஒரு முழம் என்கிறார். 8 மில்லிமீட்டர் டைனீமா கயிறு வாங்கி வைத்திருக்கிறேன், படிப்படியாகச் சொல்ல முடியுமா?

இரண்டு பேரையும் விட்டுவிடுங்கள். கயிற்றின் விட்டம்தான் அளவுகோல். டைனீமா வகைக்குப் பரவலாகச் சொல்லும் கணக்கு விட்டத்தைப் போல 72 மடங்கு. உங்கள் 8 மில்லிமீட்டருக்கு 576, ஆக 58 சென்டிமீட்டர். ஃபிட் என்று ஒரு கூடான ஊசி இருக்கிறது, நுனியை உள்ளே இழுத்துச் செல்வது அதுதான். அதன் நீளமே அளவும்கூட, ஒரு ஃபிட் என்றால் விட்டத்தில் 21 மடங்கு. மூன்றரை ஃபிட் என்று தாளில் போட்டிருந்தால் ஏறக்குறைய இந்த 72 தான். வழுக்கல் குறைந்த பாலியெஸ்டருக்கு இதைவிடக் குறைவாகப் போதும். எதுவானாலும் தயாரிப்பாளர் தரும் தாளில் உங்கள் கயிற்றுக்கு வேறு எண் இருந்தால், என் எண்ணை அடித்துவிட்டு அதை எழுதிக்கொள்ளுங்கள்.

இனி வேலை. நுனியிலிருந்து 58 சென்டிமீட்டரில் ஒரு கோடு, அங்கிருந்து இன்னும் 20 தள்ளி இரண்டாவது கோடு. இந்த 20 தான் கண்ணின் சுற்றளவு, தட்டையாக வைத்தால் 10 சென்டிமீட்டர் நீளக் கண் வரும். கண்ணைச் சிறிசாக வைக்க ஆசைப்படாதீர்கள். மாட்டும் பொருளின் விட்டத்தைப் போல மூன்று மடங்காவது கண் நீளமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணின் தொண்டை, அதாவது கண்ணின் இரண்டு பக்கமும் வந்து சேரும் இடம், பிளந்துகொள்ளப் பார்க்கும்.

அடுத்தது நுனியைச் சன்னமாக்குவது. இதைத்தான் எல்லாரும் சோம்பேறித்தனமாக விட்டுவிடுகிறார்கள். கயிற்றைக் கிட்டத்தில் பாருங்கள், 12 புரியில் ஆறு வலப்பக்கமாகச் சாய்ந்து ஓடும், ஆறு இடப்பக்கமாக. நுனியிலிருந்து 20 சென்டிமீட்டரில் ஆரம்பித்து வலத்தில் ஒன்று, இடத்தில் ஒன்று என்று ஒரு ஜோடியை ஊசியால் கிளப்பி வெட்டுங்கள். 4 சென்டிமீட்டர் தள்ளி அடுத்த ஜோடி. இப்படி ஐந்து தடவை போனால் கடைசியில் இரண்டே புரி மிஞ்சும், நுனி எலிவால் மாதிரி இருக்கும். ஏன் இவ்வளவு பாடு என்றால், மொட்டையாக வெட்டிய நுனி உள்ளே முடியும் இடத்தில் வெளிப்பின்னல் திடீரென்று ஒரு படி கீழே இறங்குகிறது, சுமை அந்தப் படியில் போய் உட்கார்ந்துகொள்ளும். உடைந்தால் அங்கேதான் உடையும். வெட்டிய நுனியைத் தீயில் காட்டி உருக்கவும் கூடாது, உள்ளே போகும் கெட்டியான உருண்டை பக்கத்து இழைகளை அறுத்துக்கொண்டே இருக்கும். டேப் ஒட்டினால் போதும், வேலை முடிந்ததும் அதையும் எடுத்துவிட வேண்டும்.

இப்போது நுனியை இரண்டாவது கோட்டில் கயிற்றின் குறுக்கே நுழைத்து, முதல் கோடு வந்து தொடும்வரை இழுங்கள். பிறகு முதல் கோட்டில் நுனிப்பக்கக் கயிற்றைத் திறந்து, கயிற்றின் மறுமுனை முழுவதையும் அதன் வழியே இழுங்கள். ஒன்றை ஒன்று கோர்த்துக்கொள்ளும், இதற்குப் புருமெல் பூட்டு என்று பெயர். அப்புறம் கயிற்றின் உடம்பில் பூட்டிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி மடக்கிய மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, பூட்டின் பக்கத்தில் வெளியே எடுத்து, எலிவாலை அதில் கொக்கிபோட்டு உள்ளே இழுங்கள். உடம்பு சுருங்கிக்கொண்டு நுனி மறுபக்கம் எட்டிப் பார்க்கும், பயப்பட வேண்டாம். கண்ணை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் கீழ்நோக்கி உருவிவிடுங்கள், ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை. சுருக்கம் விலக விலக நுனி தானாக உள்ளே போய் மறையும். அந்த வால் உள்ளே போகும் கணம் இருக்கிறதே, அதற்காகவே இந்த வேலையைத் திரும்பச் செய்வீர்கள்.

கேள்வி: புருமெல் பூட்டுப் போட்டாகிவிட்டது என்றால், 58 சென்டிமீட்டர் உள்ளே விடுவது வீண்தானே?

நேர்மாறு. பிடி வருவது உள்ளே புதைந்த நீளத்திலிருந்துதான். பூட்டு வெறும் வாயிற்காவலர்: கயிறு தொய்வாக இருக்கும்போது நுனி நழுவி வராமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே. பூட்டை மட்டும் நம்பி இழுத்தால் குறுக்கே துளைத்த இடத்திலேயே கயிறு சீக்கிரம் போய்விடும். பூட்டே இல்லாமல் நேராகப் புதைத்து, தொண்டைக்குக் கீழே நூலால் பூட்டுத் தையல் போடுகிறவர்களும் உண்டு, அதுவும் சரியான முறைதான். அந்தத் தையலும் சுமை தாங்குவதற்கில்லை, ஆகவே இறுக்கி இழுக்காதீர்கள். தையல் இறுகி இழைகள் குழிந்தால் பூட்டினதற்குப் பதில் காயப்படுத்தியிருக்கிறீர்கள்.

கேள்வி: உராய்வு முடிச்சுக்கு 75 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு முனையிலும் கண் வைத்த சிறுகயிறு வேண்டும். 8 மில்லிமீட்டரில் நானே செய்துகொள்ளலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தப் பக்கம் 58, அந்தப் பக்கம் 58, கூட்டினால் 116. உங்களிடம் இருப்பது 75, அதிலும் கண்கள் இரண்டு. இரண்டு வாலும் நடுவில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கும். முடிச்சுப் போட வேண்டிய இடம் முழுக்கத் தடித்து மரக்கட்டை ஆகிவிடும், முடிச்சு கவ்வாது. கூடான டைனீமா இந்த வேலைக்கே ஆகாது என்று மேலே சொன்னது தனி. மேலுறை போட்ட சிறுகயிறுகளில் பலவற்றுக்குத் தைத்த கண் வருவதற்கு இந்த இடநெருக்கடியும் ஒரு காரணம். வாங்கிவிடுங்கள். கார்ல் புருசிக் 1931இல் தன் முடிச்சைச் சொன்னபோது கயிற்றின் இரண்டு முனையையும் முடிந்த ஒரு வளையம் போதுமாயிருந்தது, இப்போது நாம் கப்பியும் காரபீனர் என்கிற பூட்டுக் கொக்கியும் சேர்த்துக்கொண்டு அரை சென்டிமீட்டருக்கு அடித்துக்கொள்கிறோம்.

கேள்வி: இரட்டைப் பின்னல் கயிற்றில் முயன்றேன். எல்லாம் தாளில் உள்ளபடி. கடைசியில் மேலுறையை உருவி மூட வேண்டிய இடத்தில் மூன்று விரல் அகலத்துக்குத் திறந்தபடியே நிற்கிறது. ஒரு மணி நேரம் போராடி, கயிற்றைத் தூக்கி எறிந்துவிட்டேன்.

எடுத்து வாருங்கள். அந்த மூன்று விரல் எல்லாருக்கும் நிற்கும்.

முதல் சந்தேகம், ஆரம்பத்தில் சுருக்கு முடிச்சுப் போட்டீர்களா? நுனியிலிருந்து ஐந்து ஃபிட் தள்ளி ஒரு முடிச்சு இல்லாவிட்டால் உறையும் உள்கயிறும் ஒன்றைவிட்டு ஒன்று நகர்ந்துவிடும், பிறகு கணக்கு எதுவுமே சேராது. போட்டிருந்தால் அந்த முடிச்சையே அசையாத தூண் ஒன்றில் மாட்டி, இரண்டு கையாலும் உடம்பின் எடையைச் சாய்த்து, முடிச்சுப் பக்கமிருந்து கண்ணை நோக்கி உருவுங்கள். கை வலுவால் மட்டும் ஆகிற காரியமில்லை. நிற்கும் இடத்தை இரண்டு கையாலும் முன்னும் பின்னும் மடக்கி உருட்டுங்கள், மரச் சுத்தியால் மெல்லத் தட்டுங்கள், மறுபடி உருவுங்கள். சிக்கிய இழைகள் ஒவ்வொன்றாக இடம் மாறிக் கொடுக்கும்.

அப்படியும் போகவில்லை என்றால் பலப்பிரயோகம் வேண்டாம், உள்ளே தப்பு இருக்கிறது. ஒன்று, உறையின் வாலைச் சன்னமாக்கியது போதவில்லை. அல்லது ஃபிட் போகிற வழியில் புரிகளுக்கு நடுவே போகாமல் ஒரு புரியைத் துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. இரண்டாவதைக் கண்டுபிடிப்பது சுலபம், உருவும்போது ஓர் இடத்தில் ஒற்றை இழை மட்டும் இழுபட்டுக் கம்பி மாதிரி விறைக்கும். பிரித்துத் திரும்பப் போட வேண்டியதுதான், வேறு வழியில்லை.

கேள்வி: பழைய கயிற்றின் நுனி தேய்ந்துவிட்டது. அதை வெட்டிவிட்டுப் புதிதாகக் கண் வைக்கலாமா?

ஏறுகிற கயிறு என்றால் வேண்டாம். ஓடித் தேய்ந்த கயிறு சுருங்கி விறைத்திருக்கும், உள்ளே மண்ணும் பிசினும் வேறு. பழகுவதற்கும் ஆகாது, உங்களுக்குக் கோபம்தான் வரும்.

கேள்வி: நானே போட்ட ஸ்பிளைஸில் நான் தொங்கலாமா? வாசற்காலில் மாட்டித் தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை.

நீங்கள் 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கயிறு தாங்க வேண்டியது 2,450 கிலோ. முப்பதில் ஒரு பங்கைச் சோதித்துவிட்டுத் தேறிவிட்டேன் என்கிறீர்கள்.

ஆரம்ப நாட்களில் நான் போட்ட ஒரு கண் பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது, நாலு பேரிடம் காட்டினேன். தொண்டைக்கு ஒரு சாண் கீழே கட்டைவிரலுக்கு மட்டும் ஏதோ மெத்தென்று தட்டுப்பட்டது. இரண்டு நாள் மனசு கேட்காமல், கத்தியை எடுத்து நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். உள்ளே வால் கொண்டை ஊசி மாதிரி மடங்கித் திரும்பி மேல்நோக்கி வந்திருந்தது, நுனியில் டேப்கூட அப்படியே ஒட்டியிருந்தது. 58 சென்டிமீட்டர் என்று நான் நினைத்ததில் ஒழுங்காகக் கிடந்தது ஒரு சாண். அது ரம்பத்தை இடுப்பில் மாட்டும் கயிறு, அதனால் சிரித்துக்கொண்டே இதை எழுதுகிறேன். முடிச்சு தப்பானால் முகத்திலேயே தெரியும், ஸ்பிளைஸின் தப்பு வயிற்றுக்குள் இருக்கும்.

ஆகவே நான் சொல்வது: முதல் பத்துக் கண்ணையும் ஆள் தொங்காத கயிறுகளில் வையுங்கள். கருவி மாட்டும் கயிறு, எறிகயிற்றின் நுனி, நாய்ச் சங்கிலிக்குப் பதில் ஒரு கயிறு, எதுவானாலும் சரி. அதில் மூன்றை வெட்டிப் பிளந்து பாருங்கள். பிறகு, முடிந்தால், சுமைமானியும் நெம்புகோல் கப்பியும் வைத்திருக்கும் யாரையாவது பிடித்து இரண்டை அறும்வரை இழுத்துப் பாருங்கள். நீளாத கயிறானாலும் அறும்போது சாட்டையாகத் திரும்பும், இழுக்கும் கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. அந்தக் கண் எங்கே அறுந்தது, எத்தனை கிலோநியூட்டனில் அறுந்தது என்பதை எழுதிவைத்துக்கொண்டு, அதே கையால் அதே கயிற்றில் போட்ட அடுத்த கண்ணைப் பற்றி யோசிக்கலாம்.

கூலிக்கு மரம் ஏறுகிறவர் என்றால் கேள்வி உங்கள் கையில் இல்லை. ஐரோப்பாவில் உயரத்திலிருந்து விழாமல் காக்கும் சாமான்கள் 2016/425 சட்டத்தின்படி மூன்றாம் பிரிவில் வருகின்றன, வெளி அமைப்பு ஒன்று பரிசோதித்திருக்க வேண்டும், வீட்டு மேசையில் போட்ட கண்ணுக்கு அந்த முத்திரை கிடைக்காது. ஆன்சி விதியோ ஸ்பிளைஸைத் தடுக்கவில்லை, தயாரிப்பாளர் சொன்ன முறைப்படி போடச் சொல்கிறது. ‘எனக்குத் தெரிந்த முறை’ என்று ஒன்று அதில் கிடையாது.

கேள்வி: டைனீமாவை வெட்டினால் கத்திரிக்கோல் இழைகளை மென்று துப்புகிறது. என் கத்திரிக்கோல் மொக்கையா?

அனேகமாக இல்லை. இழை வழுக்கிக்கொண்டு இரண்டு அலகுக்கும் நடுவில் மடங்கிவிடுகிறது. அலகில் நுண்பல் வைத்த கத்திரி கிடைக்கும், அராமிட் வெட்டுவதற்கென்றே செய்வது, அது நழுவவிடாமல் பிடித்து வெட்டும். அதுவரை, வெட்டும் இடத்தில் டேப்பை இறுக்கிச் சுற்றி, மரக்கட்டை மேல் வைத்து, கூரான கத்தியை மேலிருந்து அழுத்தி ஒரே அழுத்தாக வெட்டுங்கள். அறுக்காதீர்கள்.